அனுபவம் நமதே

யாரும் ஒரு பைசா கேட்கவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் முதலில் சந்தேகம் வந்தது அதனால்தான்.

திருநீர்மலை ரோட்டிலிருந்து பிரியும் தெரு எங்களுடையது. எதிர்வீட்டு ரோஸிக்கு அரசாங்க இன்டர்ன்ஷிப் கிடைத்திருப்பதாகத் தபால் வந்த அன்று, அவள் அப்பா சவுரிமுத்து ஷேர் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"சார், இத்த கொஞ்சம் பாருங்க. எவனும் துட்டு கேக்கல. புரோக்கர் வரல. மேல ஒருத்தருக்குக் குடுக்கணும்னு ஒருத்தனும் சொல்லல. எனுக்கு இன்னாவோ டவுட்டா கீது சார்."

நான் சூர்யநாராயணன். ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் போல்ட்டு நட்டுகளைக் காவல் காத்து ஓய்வு பெற்றவன். அந்த வேலையில் இருந்தவனுக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் பாக்கெட்டைத்தான் பார்க்கத் தோன்றும். கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முத்திரை கோணலாக விழுந்திருந்தது. ரோஸியின் பெயர் ஓரிடத்தில் ரோசி என்றும் இன்னோரிடத்தில் ரேஸி என்றும் இருந்தது. போலிக் கடிதம் அடிப்பவன் இதைவிட அக்கறையாகச் செய்வான். அசல்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

ரோஸிக்கு அந்த இன்டர்ன்ஷிப் ஏன் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பி.காம் முடித்துவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டுக் கம்பெனிகளில் அவள் ஏறாத படி இல்லை. கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ஆள் எடுக்கும் அதிகாரி சாராள் என்கிற அம்மாளுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. வருகிற நோயாளிகளின் விவரம் பதிந்து, எந்த டாக்டர், எந்த அறை என்று வழிகாட்டும் வேலை. எல்லாம் கூடி வந்தபிறகு, "எக்ஸ்பீரியன்ஸ் எவ்ளோம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"வேலை குடுத்தா வந்துரும் மேடம்."

"எனக்குத் தெரியாதா? ஆனா மேனேஜ்மென்ட் ஒத்துக்காது. எங்கயாவது வேலை பார்த்தேன்னு சீல் வச்சு ஒரு பேப்பர் கொண்டா. முன்பக்கம் ஒரு பொண்ணு கல்யாணமாகி வேலையை விட்டு நிக்கப் போகுது. அந்த எடத்தை உனக்காகப் பிடிச்சு வைக்கிறேன்."

சவுரிமுத்துவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறார். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் இன்னும் எத்தனை நாள் ஆட்டோ ஓட்டுவார் என்று அவருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்கு அந்த ஒரு காகிதம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் காகிதத்தைத் தருவதற்கென்றே அரசாங்கம் ஒரு துறையைத் திறந்திருந்தது. வேலையில்லாப் பட்டதாரிகளுக்கான 'அனுபவம் நமதே' திட்டம். தாம்பரத்தில் பல அலுவலகங்கள் அடைந்து கிடக்கும் புறநகர் சேவை மாளிகையில் அதற்கும் ஓர் இடம். தொடக்க விழாவுக்குச் சவுரிமுத்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். குத்துவிளக்கு, வாழைமரம், மைக் செட், வரிசையாக நாற்காலிகள், நாற்காலிகளில் பட்டதாரிகள். மின்விசிறிக் காற்றில் விளக்கு அணைந்து அணைந்து போனதால் ஏற்றுகிற படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

இணை இயக்குநர் (பொறுப்பு) லக்ஷ்மிநாராயணன் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த வேலையில்லாதவர்களே!" என்று ஆரம்பித்தார். "உங்களில் சிலர் இங்கே வேலை இருக்கும் என்று தவறாக எண்ணி வந்திருக்கலாம். அந்த எண்ணத்தை இன்றே களைவது என் கடமை. வேலையை யார் வேண்டுமானாலும் தரலாம். டீக்கடைக்காரர்கூடத் தருவார். ஆனால் அனுபவத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து, வேலையின் கலப்படம் சிறிதும் இல்லாமல் தருவதில் நம் துறையே முன்னோடி! என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பணியில் சேர்ந்த நாளிலிருந்து பொறுப்பு அதிகாரியாகவே இருந்து வருகிறேன். இன்றுவரை ஒரு முடிவுகூட என் கையெழுத்தில் வெளியே போனதில்லை. எனக்கு அனுபவம் இல்லை என்று எவராவது சொல்ல முடியுமா?"

முடியாது என்று கைதட்டினோம். பிறகு ஒவ்வொரு பட்டதாரியின் கழுத்திலும் நாடா கோத்த அடையாள அட்டையை மாட்டிப் படம் எடுத்தார்கள். சவுரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. விழா முடிந்தது. பந்தல்காரர் ஆட்கள் வந்து, "கொஞ்சம் எழுந்துக்கோங்கம்மா" என்று சொல்லி நாற்காலிகளை மடக்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பட்டதாரிகள் நின்றபடியே பணியில் சேர்ந்தார்கள்.

இதற்கப்புறம் உள்ளே நடந்ததெல்லாம் ரோஸி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்குக் கூட்டிச் சொல்ல வராது.

கண்காணிப்பாளர் தயாளன் அவர்களுக்கு விதிகளை விளக்கினாராம். கோப்புகளைத் தொடக்கூடாது, ரகசியம். கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது, பாஸ்வேர்டு. பொதுமக்களிடம் பேசக்கூடாது, பேசினால் வாக்குறுதி ஆகிவிடும்.

"அப்ப நாங்க என்ன சார் செய்யணும்?" என்று கேட்டான் சூர்யா. பல்லாவரத்துப் பையன், இன்ஜினியரிங் முடித்தவன்.

"பார்க்கணும். அப்சர்வேஷன். பார்த்ததை நோட்ல எழுதி சாயங்காலம் காட்டணும். அதான் பயிற்சி."

"யாரைப் பார்க்கணும்?"

"என்னைத்தான். ஆனா நேரா பார்க்காதீங்கப்பா. கூச்சமா இருக்கு."

சூர்யா ஓரக்கண்ணால் பார்த்து எழுதினான். தயாளன் சார் ஒரு கோப்பைத் திறந்தார், தூசி வந்ததால் மூடினார், டீ வந்தது, கோப்பின் மேல் டம்ளரை வைத்தார், ஈர வட்டம் விழுந்தது, அது காயும்வரை எல்லோரும் காத்திருந்தோம். சாயங்காலம் அதைப் படித்த தயாளனுக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாளே ஓர் ஆணை போட்டார்: பயிற்சியாளர்கள் இனித் தம் அலுவலகத்தை அவதானிக்க வேண்டியதில்லை, மாளிகையில் உள்ள பிற அலுவலகங்களுக்குச் சென்று அவதானிக்கலாம்.

சூர்யாவும் மற்றவர்களும் இதை லீவு என்று சரியாகப் புரிந்துகொண்டு கோவளம் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். ரோஸி ஒருத்திதான் நிஜமாகவே அவதானிக்கப் போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காகிதம் வேண்டுமே, சொன்னதைச் செய்துவிட்டால் வம்பில்லை என்று நினைத்துவிட்டாள்.

இதற்குள் தெருவில் வேறொரு காரியம் நடந்துவிட்டது. ரோஸியின் தாய்மாமன் ஜீவானந்தம் பிளெக்ஸ் வைத்துவிட்டார்.

நம் ஊரில் பல் முளைத்தால் பிளெக்ஸ், பல் விழுந்தால் பிளெக்ஸ். அக்கா மகளுக்கு அரசாங்கக் கடிதம் வந்தால் தாய்மாமன் சும்மா இருப்பாரா? தெரு முனையில் மின்கம்பத்தை மறைத்துக்கொண்டு எழும்பியது. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த படத்தில், பட்டுப்புடவையோடு ரோஸி காதில் போனை வைத்திருந்தாள். பின்னால் சுழல் விளக்கு வைத்த கார். 'அரசுப் பொறுப்பேற்கும் எங்கள் குலவிளக்கே! தென்புறநகரின் நாளைய விடியலே!' கீழே ஜீவானந்தத்தின் படம், ரோஸியின் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"மாமா, இது இன்டர்ன்ஷிப்தான் மாமா. அந்த வார்த்தையே இல்லையே!" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

"எடம் பத்தலம்மா. அதுவும் இல்லாம இன்டர்ன்ஷிப்னு போட்டா எவன் மதிப்பான்?"

மதித்தார்கள். முதலில் வந்தவர் ஜெயவேலு. இந்தப் பக்கமெல்லாம் அவர் குடும்பத்து நிலமாக இருந்தது. இப்போது வாடகைக் குடித்தனங்களாக இருக்கிறது. அந்தக் குடித்தனங்கள் முன்னால் கழிவுநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டு, தெரு நாறிக்கொண்டிருந்தது. மனுவை நீட்டினார். அடுத்து மீன் விற்கும் முனியம்மா வந்தாள். கோவளத்தில் மீன் எடுத்து, பனிக்கட்டியிலும் செதிலிலும் புரண்டு புரண்டு அவள் கைரேகை அழிந்துவிட்டது. ரேஷன் மெஷினில் விரல் வைத்தால் ஆள் இல்லை என்கிறது. மாதக்கணக்காக அரிசி இல்லை.

"என் கையில ஒண்ணும் இல்லக்கா. நான் சும்மா நிக்கத்தான் போறேன்" என்றாள் ரோஸி.

"நிக்கிற எடத்துல ஒரு வார்த்த சொல்லு கண்ணு. நான் போனா தொரத்துறானுங்கோ."

ரோஸி முதலில் போய் நின்றது கால்வாய் கவனிக்கும் அலுவலகத்தில். கழுத்தில் அட்டை, கையில் நோட்டு. சீட்டில் இருந்த குமாஸ்தா போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"யாரும்மா நீ? என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் சார். உங்களை அப்சர்வ் பண்ணச் சொல்லி அனுப்பியிருக்காங்க. நீங்க பாட்டுக்கு இருங்க, நான் ஓரமா நிக்கறேன்."

குமாஸ்தா போனைக் கவிழ்த்து வைத்தார். ரோஸி ஏதோ எழுதினாள்.

"என்ன எழுதறே?"

"நீங்க என்ன செய்யறீங்களோ அது சார்."

"நான் ஒண்ணும் செய்யலையேம்மா!"

"ஆமா சார். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

குமாஸ்தாவுக்கு அந்த ஏசி அறையில் வேர்த்துவிட்டது. எதிர் சீட்டுக்காரரைப் பார்த்தார்; அவர் அதற்குள் ஒரு கோப்பைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். குமாஸ்தா எழுந்து வந்து குரலைத் தாழ்த்தி, "மேடம், ஏதாவது கம்ப்ளெய்ன்ட் வந்திருந்தா நேராவே சொல்லிடுங்க மேடம்" என்றார். ரோஸி ஜெயவேலுவின் மனுவைக் கொடுத்தாள். மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்த எங்கள் கண் முன்னால் கழிவுநீர் லாரி வந்து நின்றது. நான் தெருவுக்கு வந்து லாரியைச் சுற்றிப் பார்த்தேன். இதில் என்ன மோசடி இருக்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்து ரேஷன் அட்டை அலுவலகம். அங்கும் அப்படியே நின்றாள், எழுதினாள். முனியம்மாவைக் கூப்பிட்டு அனுப்பி, விரலுக்குப் பதில் கண்ணைப் பதிந்து, அரிசிக்கு வழி செய்துவிட்டார்கள். மெஷினுக்குக் கண்ணும் தெரியும் என்பது அந்த அலுவலகத்துக்கு அதுவரை மறந்துபோயிருந்தது.

அதன்பிறகு வரிசையில் நிற்பவர்களே ரோஸியின் கையில் காகிதத்தைத் திணிக்க ஆரம்பித்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவளே எழுதிக் கொடுத்தாள். எந்த சீட்டு என்று விசாரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சேர்த்துவிட்டு, முடிகிறவரை அங்கேயே நின்று அவதானித்தாள். மாளிகை முழுக்கப் பேச்சு. லஞ்ச ஒழிப்புத் துறை ஆள் என்று ஒருவர் சொன்னார். டி.வி.காரி, அட்டைக்குள் கேமரா இருக்கிறது என்று இன்னொருவர். யாரோ பெரிய இடத்து மருமகள் என்று லிஃப்ட் ஆபரேட்டர் அடித்துச் சொன்னார். கழுத்து நாடாவைக் கண்டாலே சீட்டுகள் நிரம்பின. பொதுமக்களுக்கு அதைவிடப் பயம். ஒருநாள் காலையில் உள்ளே நுழைந்த ஓர் ஆள், எல்லா நாற்காலியிலும் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு வாசலோடு நின்றுவிட்டார்.

"இன்னாப்பா, எல்லாரும் உள்ள கீறாங்க? ரெய்டா? நான் அப்பால வர்றேன்" என்று திரும்பிப் போய்விட்டாராம்.

இப்படியே விட்டால் மாளிகையின் கதி என்னாவது? எல்லா அலுவலகங்களும் சேர்ந்து லக்ஷ்மிநாராயணனிடம் முறையிட்டன. உங்கள் துறை எங்களை வேவு பார்க்கிறது என்றார்கள். அவர் ஆடிப்போனார். விசாரிக்கத் தயாளனை எங்கள் தெருவுக்கு அனுப்பினார். தயாளன் முனையில் பிளெக்ஸைப் பார்த்தார். போனில் படம் பிடித்துக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ரோஸிக்கு மெமோ வந்தது. குற்றச்சாட்டு ஒன்று: இத்திட்டம் வேலையில்லாதவர்களுக்கு மட்டுமே, பிளெக்ஸின்படி தாங்கள் ஏற்கெனவே அரசுப் பொறுப்பில் இருப்பதாகத் தெரிகிறது. குற்றச்சாட்டு இரண்டு: பயிற்சிக் காலத்தில் தாங்கள் வேலை செய்ததாகப் புகார் வந்துள்ளது.

முதல் குற்றச்சாட்டுக்கு, தனக்கு வேலை இல்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கிவர வேண்டும். கூட நான் போனேன். வி.ஏ.ஓ. அரிகிருஷ்ணன் நல்ல மனுஷர்தான். ரோஸியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, தினம் காலைல கழுத்துல அட்டையோட ஆபீஸ் போறே. நானே பஸ் ஸ்டாப்புல பார்க்கறேன். வேலையில்லாதவர்னு எப்படி எழுதறது? நாளைக்கு என்னைக் கேப்பாங்களே?"

"அங்க போனாலும் வேலை இல்ல சார்."

"அப்ப அதையே உங்க ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வா. இன்னாருக்கு இங்கே எந்த வேலையும் கிடையாதுன்னு. உடனே தர்றேன்."

தயாளனிடம் போனோம். "எந்த வேலையும் கிடையாதுன்னு எழுதிக் குடுத்தா, நாங்க என்ன பண்றோம்னு கேள்வி வராதா? முதல்ல நீ வேலையில்லாதவள்னு வி.ஏ.ஓ.கிட்ட வாங்கிட்டு வா. அப்புறம் வேலை கிடையாதுன்னு நாங்க தர்றதைப் பத்தி யோசிக்கலாம்" என்றார்.

அந்த வெயிலில் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து நடந்து எனக்கே ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. என் வாழ்க்கையில் எத்தனையோ திருட்டுகளைப் பிடித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு திருடன் இருந்தான். இங்கே ஆளே அகப்படவில்லை. எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள், உட்காரச் சொல்கிறார்கள். பெண்ணின் பிழைப்பு மட்டும் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்று உள்ளே போவதற்கு முன்னால் லக்ஷ்மிநாராயணன் ரோஸியைத் தனியாகக் கூப்பிட்டார். சவுரிமுத்துவும் நானும் கூட இருந்தோம். மேஜையில் கண்ணாடிக் குண்டின் கீழ் ஒரு காகிதம் இருந்தது. அனுபவச் சான்றிதழ். பெயர்கூடச் சரியாக இருந்தது. கையெழுத்தும் போட்டிருந்தது.

"உன்மேல எனக்குக் கோபமே இல்லம்மா. எனக்கும் பொண்ணு இருக்கா. பிளெக்ஸை உங்க மாமா ஆர்வத்துல வச்சுட்டார்னு எழுதி முடிச்சுடலாம். ரெண்டாவதுதான் சீரியஸ். நீ ஒண்ணு பண்ணு. நான் எதுவுமே செய்யலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. முடிஞ்சுது. இதை எடுத்துட்டு இப்பவே குரோம்பேட்டை போகலாம்."

"சரி சார்னு சொல்லும்மா" என்றார் சவுரிமுத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டே. ரோஸி தலையாட்டினாள்.

எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் தெரு வந்துவிட்டது. ரோஸிக்கு ஏதோ விசாரணை என்று கேள்விப்பட்டு, விருது கொடுக்கத்தான் விசாரிக்கிறார்கள் என்று ஜீவானந்தம் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார். ஜெயவேலு சலவை வேட்டி. முனியம்மா தலையில் பூ. ஜீவானந்தம் நேராக உள்ளே போய் லக்ஷ்மிநாராயணனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் அதைக் கழற்றாமலே விசாரணையை நடத்தினார்.

"ஒரே நாள்ல லாரி வந்துச்சுங்க ஐயா," என்றார் ஜெயவேலு. "கவுன்சிலர், எம்.எல்.ஏ. எல்லார்கிட்டயும் நாங்க அலைஞ்சு பார்த்தோம். இந்தப் பொண்ணு போயி நின்னுச்சு, வேலை முடிஞ்சுது."

"வேலை முடிந்தது. பதிவு பண்ணுங்க தயாளன்."

முனியம்மாவின் முறை. நான் இருமினேன். கண்ணால் ஜாடை காட்டினேன். "சாருக்குத் தொண்ட கட்டிக்கினுகீது, யாராச்சும் தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஆரம்பித்தாள்.

"மெஷினு என்னிய ஆளே இல்லன்னிச்சு சார். உசிரோட நின்னுகினு கீறேன், இல்லன்னுது! இந்தக் கண்ணுதான் எனுக்கு எயுதிக் குடுத்து, கூடவே நின்னுகினு, சோறு துன்னாம நின்னுகினு, கண்ணப் பதிய வச்சி அரிசி வாங்கிக் குடுத்திச்சு. இதுக்கு மேல இன்னா சார் வேல? ஒயச்சிது சார் இந்தப் பொண்ணு!"

"உழைத்தார்?" என்று கேட்டார் லக்ஷ்மிநாராயணன், நம்ப முடியாமல்.

"சத்தியமா சார்!"

தயாளன் பதிவு செய்தார். ஜீவானந்தம் கைதட்டினார். எனக்கு அங்கேயே அவரை அறையலாம் போல இருந்தது.

கடைசியில் ரோஸி. "இவங்கல்லாம் ஏதோ பாசத்துல பேசறாங்க," என்று லக்ஷ்மிநாராயணனே எடுத்துக் கொடுத்தார். "நீ சொல்லும்மா. நீ எதுவும் செய்யலைதானே?"

ரோஸி கண்ணாடிக் குண்டைப் பார்த்தாள்.

"நான் செய்யலைன்னு சொன்னா, இவங்களுக்கு நடந்ததெல்லாம் என்ன சார் ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. யாரும் செய்யாத வேலை எப்படி நடந்ததுன்னு கேள்வி வரும். முறையில்லாமல் நடந்ததுன்னு ரத்து பண்ணிடுவோம். அந்தக் கண் பதிவு, மத்த மனு எல்லாம். அவங்க மறுபடி முறைப்படி வரிசையில வரட்டும்."

முனியம்மா எதுவும் புரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரோஸி அவளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

"செஞ்சேன் சார்," என்றாள். "நான்தான் செஞ்சேன். எல்லாத்தையும்."

லக்ஷ்மிநாராயணன் பெருமூச்சு விட்டார். கண்ணாடிக் குண்டை எடுத்தார். சான்றிதழை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

ஆட்டோவில் திரும்பினோம். குரோம்பேட்டை வந்ததும் சவுரிமுத்து திரும்பாமலே கேட்டார்.

"ஏம்மா, இல்லன்னு ஒரு வார்த்த. அத்த சொன்னா இன்னா?"

"முனியம்மாக்கா எதிர்லயே எப்பிடிப்பா சொல்றது?"

 சிக்னலில் பிரேக்கை மிதித்தபோது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியா, அழுகையா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஆணை பதிவுத் தபாலில் வந்தது. எந்த முடிவிலும் கையெழுத்துப் போடாத லக்ஷ்மிநாராயணன் இதில் தெளிவாகப் போட்டிருந்தார். ரோஸி படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். படித்தேன்.

'மேற்படி பயிற்சியாளர், எவருடைய தூண்டுதலும் இன்றித் தாமாகவே பொதுமக்களின் மனுக்களை எழுதியதும், அவற்றை உரிய இருக்கைகளில் சேர்த்ததும், தீர்வு காணும் வரை உணவு இடைவேளையையும் பொருட்படுத்தாது தொடர்ந்ததும், இதற்கென எவரிடமும் எதையும் பெறாததும், முதியோரிடமும் எழுத்தறிவற்றோரிடமும் கனிவாகப் பேசியதும் சாட்சியங்களால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகின்றன. எனவே அவர் வேலை செய்துள்ளார் என முடிவு செய்யப்பட்டு, அனுபவச் சான்றிதழ் பெறும் தகுதியை இழந்து, திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறார்.'

இரண்டாவது முறை படித்தேன். முத்திரையை வெளிச்சத்தில் பார்த்தேன். "கெளம்பும்மா" என்றேன்.

"எங்க அங்கிள்?"

"குரோம்பேட்டைக்கு."

வரமாட்டேன் என்றாள். அவமானமாக இருக்கிறது என்றாள். இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன். அந்த முன்பக்கப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து, சாராள் இரண்டு வேலையையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே நோயாளிகள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஆளுக்கொரு சீட்டோடு நின்றார்கள். ரோஸி ஆணையை மேஜையில் வைத்தாள்.

"மேடம், இது அனுபவச் சான்றிதழ் இல்ல. என்னை நீக்கின ஆர்டர். தெரியாம வாங்கிடாதீங்க."

சாராள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். ஏதோ ஏமாற்று என்று நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

"இதுல எழுதியிருக்கிறதெல்லாம் நீ நிஜமாவே செஞ்சியா?"

"ஆமா மேடம்."

"இதுவரைக்கும் எத்தனையோ சான்றிதழ் பார்த்துட்டேன். எல்லாத்துலயும் நன்னடத்தைன்னு ஒரு வரி இருக்கும். செஞ்சதை எழுதின ஒரு காகிதத்தை இப்பத்தான் பார்க்கறேன்." சாராள் அதை மடித்து ஃபைலில் வைத்தார். "மேனேஜ்மென்ட்கிட்ட நான் பேசிக்கறேன். திங்கக்கிழமை காலைல வந்துடு."

நான் நன்றி சொல்லி எழுந்தேன். ரோஸி எழுந்திருக்கவில்லை. புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்தபடி இருந்தாள்.

"என்னம்மா? ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு மேடம். இவங்கள்லாம் வந்து ஏதாவது கேட்டா, நான் செஞ்சு குடுக்கலாமா? அதுக்காக வெளிய அனுப்பிட மாட்டீங்களே?"

சாராள் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ரோஸி விளையாட்டுக்குக் கேட்கவில்லை.